சிறு குழந்தையின் வளர்ச்சித் தாமதமும் சமூகப் பணி இலக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு வரவில்லை, நடை தாமதமாகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஏதோ ஒரு கவலையோடு மருத்துவரிடம் போகும் பெற்றோரில் பலரை, "சமூகப் பணியாளரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். அங்கே போனால் இலக்கு, திட்டம், மறுஆய்வு என்று பேச்சு ஓடும். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி அந்தப் பெற்றோரும், இந்தத் துறைக்குப் புதிதாக வந்த சமூகப் பணியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒருவர், பிசியோவுக்கு ஒருவர் என்று ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். சமூகப் பணியாளர் எதற்கு?

தெரபி என்பது வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. வீட்டில் அதைப் பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கம் போதுமா, பயிற்சிக்கு அழைத்துப்போக வேலையில் விடுப்பு கிடைக்கிறதா, மருத்துவர் சொன்னது வீட்டுப் பெரியவர்களுக்குப் புரிந்ததா, கிடைக்கக்கூடிய உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்களா, மூத்த பிள்ளை ஏன் திடீரென்று முரண்டு பிடிக்கிறது என்று பார்ப்பது சமூகப் பணியாளரின் வேலை. தெரபி நன்றாகவே நடந்துகொண்டிருக்கும். அழைத்துப்போக ஆளில்லாமல் பாதியில் நின்றுபோகும். இப்படி நின்ற குழந்தைகளின் ஃபைல்கள் எந்த மையத்திலும் இருக்கும்.

உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1970களில் முன்வைத்த கருத்து இந்த வேலைக்கு அடித்தளம். குடும்பம், பள்ளி, பெற்றோரின் வேலையிடம், அரசின் கொள்கைகள் என ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சூழல்களில் வைத்துத்தான் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். அப்பாவின் வேலையிடத்துக்குக் குழந்தை ஒருநாளும் போவதில்லை. ஆனாலும் அப்பாவின் ஷிஃப்ட் மாறினால் குழந்தையின் தூக்கம் மாறுகிறது. அதனால்தான் சமூகப் பணியாளர் எழுதும் இலக்குகளில் பாதிக்கு மேல் குழந்தையைச் சுற்றியிருப்பவர்களைப் பற்றியவையாக இருக்கும். அப்படி இல்லாவிட்டால் தெரபிஸ்ட் எழுதியதையே இன்னொரு தாளில் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

என்ன பிரச்சினை என்றே இன்னும் உறுதியாகவில்லை. அதற்குள் இலக்கு வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். வேண்டிய பொருளைக் குழந்தை சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும் என்ற இலக்கு, பின்னால் எந்தப் பெயர் சூட்டப்பட்டாலும் பயன்படும். பரிசோதனைக்கான காத்திருப்பு மாதக்கணக்கில் நீளலாம். அந்த மாதங்களைக் குழந்தை இழக்கக் கூடாது.

ஆனால் சில விஷயங்களை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பேச்சு தாமதம் என்றால் முதல் வேலை காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது. "கதவைத் தட்டினால் திரும்புகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது" என்பார்கள். சத்தம் கேட்பது வேறு, பேச்சொலிகள் தெளிவாகக் கேட்பது வேறு. பார்வைக்கும் இதே கதைதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால், ஏறக்குறைய இரண்டு வயது வரை, எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்து இப்போது 10 மாதமாகும் குழந்தையை 8 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இயல்பின் எல்லை எவ்வளவு அகலமானது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் துணையில்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். கை கால் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தை 10 மாதத்தில் நடந்ததை வைத்துக் கலங்க வேண்டாம். அதே கணக்கின்படி, 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்கவும் வேண்டாம்.

ஏற்கெனவே பேசிய வார்த்தைகள் நின்றுபோனாலோ, செய்துகொண்டிருந்ததைக் குழந்தை செய்யாமல் விட்டாலோ இலக்கெல்லாம் பிறகு, உடனே மருத்துவர்.

முதல் சந்திப்பில் எங்களிடம் என்ன கேட்பார்கள்?

"உங்கள் குழந்தைக்கு என்ன இலக்கு வேண்டும்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், "எல்லாக் குழந்தைகளையும் போல ஆகணும்" என்ற பதில்தான் வரும். அது நியாயமான ஆசை. ஆனால் அதை வைத்துத் திங்கட்கிழமை காலையில் யாரும் எதையும் செய்ய முடியாது. அனுபவமுள்ளவர்கள் அன்றாடத்தைக் கேட்பார்கள். சிறு குழந்தைகளுக்கான ஆரம்பகால உதவித் துறையைச் சேர்ந்த ராபின் மெக்வில்லியம் என்பவர் இதை ஒரு நேர்காணல் முறையாகவே வகுத்திருக்கிறார்: எழுந்திருப்பது, குளிப்பது, உடை மாற்றுவது, சாப்பிடுவது, வெளியே கிளம்புவது, தூங்குவது என்று ஒவ்வொரு வேளையாக நடந்து போவது. பேச்சு இப்படிப் போகும்:

"நேத்துக் காலைல எழுந்ததுலேர்ந்து சொல்லுங்கம்மா."

"குளிக்கிறதுல பிரச்சினையில்ல மேடம். டிரஸ் மாட்டும்போதுதான் கத்துவான்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"போனைக் குடுத்துடுவேன்."

"குடுக்காம மாட்டிவிட்ட நாள் ஏதாவது இருக்கா?"

"அவங்க பாட்டி இருந்தா பாடிக்கிட்டே மாட்டிவிடுவாங்க. அப்ப அவ்வளவா கத்த மாட்டான்."

கடைசி வரியில் ஒரு இலக்கும், அதை அடையும் வழியும், அதைச் செய்யக்கூடிய ஆளும் சேர்ந்தே இருக்கின்றன. எந்தப் பரிசோதனைத் தாளிலும் இது கிடைக்காது.

இன்னொரு கருவி, ஆன் ஹார்ட்மேன் 1970களில் சமூகப் பணிக்காக உருவாக்கிய சூழல் வரைபடம். ஒரு தாளின் நடுவில் வட்டம் போட்டுக் குடும்பத்தை எழுதி, சுற்றிலும் உறவினர், மருத்துவமனை, வேலையிடம், நண்பர்கள், பள்ளி என்று சின்ன வட்டங்கள் போடுவார்கள். உறவு வலுவாக இருந்தால் தடித்த கோடு, மெலிந்திருந்தால் புள்ளிக்கோடு, உரசலாக இருந்தால் குறுக்குக் கீறலிட்ட கோடு. உழைப்பும் உதவியும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதற்கு அம்புக்குறி. வரைந்து முடித்ததும், எல்லா அம்புகளும் அம்மாவிடமிருந்து வெளியே போகின்றன, உள்ளே வருவது ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தால், முதல் இலக்கு எதைப் பற்றி என்பதில் பெரிய விவாதம் தேவைப்படாது.

இலக்கை எப்படி எழுத வேண்டும்?

"குழந்தையின் தகவல்தொடர்புத் திறன் மேம்படும்" என்று பல ஃபைல்களில் இருக்கும். யார் பார்த்து, எப்போது, மேம்பட்டது என்று சொல்வது? இதையே வீட்டுக்குள் கொண்டுவந்து எழுதினால் இப்படி வரும்: "சாப்பிடும்போது இன்னும் வேண்டுமென்றால், அழாமல், கை நீட்டியோ சுட்டிக்காட்டியோ ஒலி எழுப்பியோ கேட்பான், நாளில் மூன்று வேளைகளில் இரண்டு வேளையாவது, இரண்டு மாதத்துக்குள்." இதைப் பாட்டியும் பார்த்துச் சொல்லலாம்.

இதன் பக்கத்திலேயே சமூகப் பணி இலக்கு ஒன்று வர வேண்டும்: "பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, மூன்று வாரத்துக்குள் ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்கு உடன் வருவார். கொஞ்சமாக ஊட்டி, நிறுத்தி, குழந்தையின் முகத்தைப் பார்த்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்கும் முறையைப் பயிற்சியாளர் முன்னால் செய்து பார்ப்பார். அன்றைக்கு அவர் வந்துபோக ஏற்பாடு செய்வது சமூகப் பணியாளர் பொறுப்பு."

இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். பாட்டி அந்த ஐந்து எண்ணிக்கைக்குக் காத்திருக்காவிட்டால், குழந்தைக்குக் கேட்கும் வாய்ப்பே வராது. பாசமுள்ள பாட்டிகள் கேட்கும் முன்பே ஊட்டிவிடுவார்கள்!

குறிப்பானது, அளக்கக்கூடியது, எட்டக்கூடியது, காலக்கெடு உள்ளது என்றெல்லாம் சொல்லும் 'ஸ்மார்ட்' இலக்கு முறையைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பார்கள். 1981இல் ஜார்ஜ் டோரன் அதை எழுதியது நிறுவன மேலாளர்களுக்காக. பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை இறுகப் பிடித்துக்கொண்டால் எண்ண எளிதானவை மட்டுமே இலக்காகிவிடும். பத்து நிறங்களின் பெயரைச் சொல்வது எண்ண எளிது. கடைக்குப் போகும்போது அம்மாவின் கையை விடாமல் நடப்பது குடும்பத்துக்கு அதைவிடப் பலமடங்கு பெரிய விஷயம்.

"அடம்பிடிக்கக் கூடாது", "கடிக்கக் கூடாது" என்பவற்றை இலக்காக வைக்கலாமா?

நடத்தை ஆய்வாளர்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு. உயிரில்லாத ஒருவராலும் அந்த இலக்கை எட்ட முடியுமென்றால் அது இலக்கே இல்லை. கடிக்காமல் இருப்பது, கத்தாமல் இருப்பது, ஓடாமல் இருப்பது மூன்றுமே இதில் தோற்றுவிடும். கடிப்பதன் மூலம் குழந்தை எதைச் சாதிக்கிறது என்று பாருங்கள். பொம்மையைத் திரும்ப வாங்கவா, நெருக்கும் கூட்டத்திலிருந்து விலகவா? வாங்கத்தான் என்றால் "பொம்மை வேண்டுமென்றால் கையை நீட்டிக் கேட்பான்" என்பது இலக்கு. கடி தானாகக் குறையும்.

எத்தனை இலக்குகள் வைக்கலாம்?

ஒரு நேரத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. வீட்டில் யாராலும் பார்க்காமல் சொல்ல முடியாத இலக்குப் பட்டியல் அலமாரிக்குத்தான் போகும்.

எல்லா இலக்கும் குறையைச் சரிசெய்வதாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. மனிதர்களின் செயல்திறனையும் இயலாமையையும் விவரிக்க உலக சுகாதார நிறுவனம் 2001இல் கொண்டுவந்த வகைப்பாடு (ICF), உடலின் குறைபாட்டோடு நிற்காமல், அந்த நபர் என்னென்ன செய்கிறார், வாழ்க்கையில் எந்த அளவு பங்கெடுக்கிறார், சூழல் அதற்கு உதவுகிறதா தடுக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. இதைப் பின்பற்றி, குழந்தை மருத்துவத் துறையில் இருந்த பீட்டர் ரோசன்பாமும் யான் வில்லெம் கோர்ட்டரும் 2012இல், மாற்றுத்திறன் குழந்தைகளின் விஷயத்தில் ஆறு விஷயங்களை மறக்கக் கூடாது என்று எழுதினார்கள்: செயல்பாடு, குடும்பம், உடல்வலு, மகிழ்ச்சி, நண்பர்கள், எதிர்காலம். இதில் மகிழ்ச்சியும் நண்பர்களும்தான் திட்டங்களில் முதலில் காணாமல் போகின்றன. பூங்காவில் வாரம் ஒருநாள் இன்னொரு குழந்தையோடு மணலில் விளையாடுவது ஒரு முழுமையான இலக்கு. அதற்குப் பக்கத்தில் "இதன்மூலம் நுண்தசை இயக்கம் மேம்படும்" என்று காரணம் ஒட்டவைக்கத் தேவையில்லை.

பெற்றோருக்கு இலக்கு வைப்பது எங்களைக் குறை சொல்வதுபோல் இருக்கிறதே?

எழுதும் விதத்தைப் பொறுத்தது. "அம்மா இன்னும் பொறுமையாக நடந்துகொள்ளப் பழக வேண்டும்" என்று யாராவது எழுதியிருந்தால் அது இலக்கே இல்லை, குற்றச்சாட்டு. மாற்றி எழுதச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதே சங்கதியை ஏற்பாடாக எழுதலாம்: "வாரம் ஒரு மாலை இரண்டு மணி நேரம் குழந்தையை அப்பா பார்த்துக்கொள்வார், அந்த நேரத்தில் அம்மா வீட்டு வேலை செய்ய மாட்டார்." பின்பாதியைச் சேர்க்காவிட்டால் அந்த இரண்டு மணி நேரமும் துணி துவைப்பதில் போய்விடும்.

அம்மாவோ அப்பாவோ வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி அழுதுகொண்டிருந்தால் அவருக்கு மனநல மருத்துவரின் உதவி கிடைக்கச் செய்வது குழந்தைக்கான திட்டத்தின் பகுதிதான். அதைத் தனி விஷயமாகத் தள்ளிவைக்கக் கூடாது. யாராவது வந்து கொஞ்சம் கைகொடுக்க மாட்டார்களா என்று ஏங்கும் அளவுக்குப் போன களைப்பை வெளியே சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சமூகப் பணியாளர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் தகவலே அதுதான்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அப்பா, "நானும் லேட்டாத்தான் பேசினேன், விடுங்க" என்கிறார். என்ன செய்வது?

அவரை வாதத்தில் வெல்ல முயல வேண்டாம். சில குழந்தைகள் உண்மையிலேயே தாமதமாகப் பேசிப் பிறகு எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். எந்தக் குழந்தை அப்படி எட்டும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்லத்தான் வழியில்லை. ஆகவே அவர் நம்பிக்கையோடு மோதாத இலக்கு ஒன்றைத் தேடுங்கள். "பிரச்சினை இருக்கிறதா இல்லையா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். மூன்று மாதம் தினமும் தூங்கப்போகும் முன் பத்து நிமிடம் நீங்கள் அவனுக்குப் படப்புத்தகம் காட்டுங்கள், அவன் எதைத் தொட்டுக் காட்டுகிறான் என்று கவனித்து வந்து சொல்லுங்கள்" என்றால் பெரும்பாலான அப்பாக்கள் ஒப்புக்கொள்வார்கள். தன் கண்ணால் கவனித்த பிறகு அவர் பேசும் பேச்சே வேறாக இருக்கும், அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி.

மூன்று வயதுக் குழந்தையின் விருப்பத்தையெல்லாம் கேட்க முடியுமா?

வாயால் கேட்க முடியாமல் இருக்கலாம். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, மாற்றுத்திறன் குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்தை வெளிப்படுத்தும் உரிமையையும், அதற்கு வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற உதவியையும் பெற வேண்டும் என்கிறது. சின்னக் குழந்தையிடம் இதன் பொருள், அது எதைத் தேடிப் போகிறது, எதிலிருந்து முகத்தைத் திருப்புகிறது, எப்போது உடலை விறைக்கிறது என்று பார்த்துத் திட்டத்தில் எழுதுவது. சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையிடமிருந்து வண்டியைப் பிடுங்கிவிட்டுப் படஅட்டை காட்டுவதைவிட, வண்டியை வைத்தே "போ", "நில்" ஆரம்பிக்கலாம். கண்ணைப் பார்க்கச் சொல்லித் தாடையைப் பிடித்துத் திருப்புவதை இலக்கின் பெயரால் யாரும் செய்யக் கூடாது.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

ஒரே அளவுகோல் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தாது. அதற்காகவே 1968இல் தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் இருவரும் மனநலச் சேவைகளுக்காக 'இலக்கு எட்டும் அளவுகோல்' என்றொரு முறையை உருவாக்கினார்கள். பிற்பாடு குழந்தைகள் மறுவாழ்விலும் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. எதிர்பார்க்கும் நிலை 0. அதைவிடக் குறைந்தவை −1, −2. கூடுதலானவை +1, +2. இன்றைய நிலையைப் பலர் −2இல் வைப்பார்கள்.

மேலே பார்த்த உடை மாற்றும் பிரச்சினைக்கு இப்படி வரும். போன் இல்லாமல், பாட்டோடு உடை மாற்றிக்கொள்ளும் நாட்கள் வாரத்தில் ஒன்றுகூட இல்லை என்றால் −2. ஒன்றிரண்டு நாள் என்றால் −1. மூன்று நான்கு நாள் என்றால் 0, நாம் எதிர்பார்ப்பது இதுதான். ஐந்தாறு நாள் +1. ஏழு நாளும் என்றால் +2. காலண்டரில் அந்தந்தத் தேதியில் ஒரு டிக் போட்டால் போதும். ஒரே ஒரு விஷயம்தான் படிப்படியாக மாற வேண்டும், கவனியுங்கள்: இங்கே நாட்கள். நாட்களையும், யார் பாடுகிறார் என்பதையும், எவ்வளவு நேரம் என்பதையும் ஒரே அளவுகோலில் கலந்தால் கடைசியில் எண் எதையும் சொல்லாது.

எப்போது மறுஆய்வு?

அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான குடும்பச் சேவைத் திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது சட்டம். என் கருத்தில், இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் மிக நீளம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. வீடு மாறினாலோ, புதிய குழந்தை பிறந்தாலோ, பார்த்துக்கொள்ளும் ஆள் மாறினாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இலக்கை எட்டவில்லை என்றால் குழந்தையால் முடியாது என்று அர்த்தமா?

அந்த முடிவுக்குக் கடைசியில் வாருங்கள். முதலில் கேட்க வேண்டியது, திட்டமிட்டது நடந்ததா என்பது. பாட்டி பயிற்சிக்கு வந்தாரா? விடுப்புக் கடிதம் கிடைத்ததா? காது பரிசோதனை இன்னும் "அடுத்த வாரம்" என்றே இருக்கிறதா? நடக்காத ஏற்பாட்டுக்குக் குழந்தையின் பெயரில் −2 போடக் கூடாது.

ஏற்பாடெல்லாம் நடந்தும் எட்டவில்லையா, படி பெரிதாக இருந்திருக்கும், இரண்டாக உடைக்கலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால் வழியை மாற்றலாம். பேச்சு வரவில்லையே என்று பட அட்டைகளையோ சைகையையோ கொண்டுவரச் சொன்னால், "அதைப் பழகினால் பேசவே மாட்டானே" என்று பெற்றோர் பயப்படுவது வழக்கம். சைகையும் படங்களும் பேச்சைத் தடுப்பதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. சில குழந்தைகளுக்குப் பேச்சு வரவும் அவை உதவியிருக்கின்றன.

நாங்கள் சொல்வதெல்லாம் ரகசியமாக இருக்குமா?

பெரும்பாலும். ஒரு விதிவிலக்கை நல்ல சமூகப் பணியாளர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்: குழந்தையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். பேச முடியாத குழந்தையால் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாது என்பதால் இந்த விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நிலை வந்தால் மற்ற இலக்குகள் எல்லாம் ஒதுங்கி நிற்கும்.

பள்ளியில் சேர்க்கும் நேரம் வந்தால் இந்த இலக்குகள் என்னாகும்?

சேர்க்கைக்கு ஆறு மாதம் முன்பே இதற்கென ஓர் இலக்கை எழுதிவிடுவது நல்லது. கூட்டம் இல்லாத நேரத்தில் குழந்தையை அழைத்துப்போய் வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்டுவது, புதிய ஆசிரியரோடு ஒருமுறை பேசுவது, முதல் வாரம் பாதிநாள் மட்டும் இருக்க அனுமதி கேட்பது ஆகியவை அதில் வரும். இதோடு பெற்றோர் தங்கள் கையாலேயே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம்: குழந்தைக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பான், அழுதால் என்ன செய்தால் அடங்குவான். முப்பது பக்க மருத்துவ ரிப்போர்ட்டை ஆசிரியர் படிக்க நேரம் இருக்காது. இந்த ஒரு பக்கத்தை முதல் நாள் காலையிலேயே படித்துவிடுவார். அதன் ஒரு நகலைச் சமூகப் பணியாளரின் ஃபைலிலும் வையுங்கள். ஆசிரியர் மாறும்போது மறுபடி தேவைப்படும்.